அல்டன்மோர் பிரபுவின் கூரை உரை

அல்டன்மோர் பிரபு ஏழைகளை மிகவும் நேசித்தார். அவர்களை நேரில் பார்க்க நேர்ந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் வாழ்நாள் முழுவதும் கவனமாக இருந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் லிபரல் பிரபுக்களில் அவர் மிக முக்கியமானவர் என்று அவருடைய பெயரில் மெல்பேர்ணில் இயங்கும் சுதந்திர மன்றம் சொல்கிறது. வேறு யாரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. எத்தனை அறைகள் என்று வீட்டாருக்கே தெரியாத ஓர் ஆங்கில மாளிகையில் பிறந்தார். மீசை சரியாக முளைக்கும் முன்பே பாராளுமன்றத்துக்குப் போனார். அவருடைய தொகுதியில் வாக்குரிமை உள்ளவர்கள் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி அடங்கிவிடுவார்கள். எல்லோரும் அவருடைய அப்பாவின் வாடகைக்காரர்கள். போட்டி கடுமையாக இருந்தது என்று பிற்காலத்தில் எழுதினார். லிபரல் கட்சியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், எதிர்ப்பக்க ஆசனங்களில் கதவிடுக்கால் குளிர்காற்று அடித்ததுதான். எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று ஆண்டுதோறும் முழங்கினார். வாக்கெடுப்பு நடக்கும்போதெல்லாம் கவுதாரி சுடப் போயிருந்தார்.

அவருடைய புகழ் முழுவதும் ஒரே உரையில் தங்கியிருக்கிறது. எங்கோ ஒரு தூரதேசத்தில் ஒரு சுல்தானின் படைகள் குடியானவர்களின் வீடுகளை எரித்த செய்தி வந்தபோது அவர் சபையில் எழுந்து நின்று, “கூரையில்லாத ஒரு மனிதன், கூரைக்குக் கீழே இருக்கும் நம் எல்லோருக்கும் அவமானம்” என்று தொடங்கினார். சபை அழுதது. இது ‘கூரை உரை’ எனப்படுகிறது. அதே வாரம் அயர்லாந்தில் இருந்த அவருடைய பண்ணையில், ஆடு வளர்ப்பதற்கு இடம் வேண்டியிருந்ததால், அவருடைய ஏஜென்ட் குடியானவர்களின் வீட்டுக் கூரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். கூரை இல்லாவிட்டால் ஆட்கள் தாமாகவே போய்விடுவார்கள். மன்றம் வெளியிட்ட வரலாற்றில் இது ஒரே வரியில் வருகிறது: “அவ்வாண்டு பிரபு இரு பெரும் பணிகளை நிறைவேற்றினார். ஒன்று உரை, மற்றது பண்ணைச் சீர்திருத்தம்.”

அவுஸ்திரேலியாவுக்கு அவர் வந்ததில்லை. ஒரு முறை துறைமுகம் வரை வந்து, நிற்கும் கப்பலைப் பார்த்துத் தலைசுற்றி, திரும்பிப் போய்விட்டார். அவருடைய பணம் மட்டும் வந்து சேர்ந்தது. மெல்பேர்ணுக்குத் தென்கிழக்கே ஆட்டு நிலம் வாங்கியது. ஆட்டு நிலம் காலப்போக்கில் வீட்டு நிலமானது.

கிரான்பர்னில் வாடகை வீட்டில் இருந்த விக்னராஜாவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் ஒரு குளிர்சாதனக் கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அவருக்கு வந்த பிரச்சினை பிரபுவின் வடிவில் வரவில்லை. சடகோபன் வடிவில் வந்தது.

சடகோபன் வீட்டு ஏஜென்ட். சென்னைக்காரர். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் எந்த வீட்டுக்குள்ளும் வருவார். விக்னராஜாவின் மனைவி ரஞ்சினி கொடுத்த தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

“டீ சூப்பர் மேடம். இந்த ஏரியாவுலயே உங்க வீட்டு டீதான். அதான் சொல்றதுக்கே கஷ்டமா இருக்கு. ஓனருக்கு வீடு வேணுமாம்.”

“எப்ப?” என்றார் விக்னராஜா.

“செப்டம்பர் கடைசில.”

“மகளுக்கு நவம்பரில சோதனை. பன்ரெண்டாம் வகுப்பு.”

“தெரியும் சார். என் பையன் போன வருஷம் எழுதினான். வீட்டுல மிக்சி கூடப் போடல நாங்க.”

“அப்ப ஓனரிட்ட ஒருக்காக் கேளுங்கோவன். சோதனை முடிஞ்ச அடுத்த நாளே போறம்.”

சடகோபன் கோப்பையின் அடியைப் பார்த்தார். “கேக்க முடியாது சார். ஓனர் ஒரு டிரஸ்ட். அவங்க என்கிட்ட பேசலாம். நான் அவங்ககிட்ட பேசக் கூடாது. அப்படித்தான் வழக்கம்.”

“இதென்ன வழக்கம்?”

“ரொம்பப் பழைய வழக்கம் சார். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே ஒரு தொப்பியக் குடுத்து, இதையும் சொன்னாங்க.”

தொப்பி எதற்கு என்று விக்னராஜா கேட்கவில்லை. சடகோபன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு காருக்குப் போனதும் குசினிக்குள்ளிருந்து ரஞ்சினியின் குரல் வந்தது.

“தேத்தண்ணியையும் குடிச்சுப்போட்டு வீட்டை விட்டும் கலைக்கிறார். இனி வந்தா வெறுந்தண்ணியும் இல்லை.”

மகள் தர்சினி தன் அறையில் மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மேசை யாரோ தெருவோரத்தில் எறிந்துவிட்டுப் போனது. விக்னராஜா அதை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆடிய காலுக்கு ஆப்பு வைத்து, ஜன்னலோரம் போட்டுக் கொடுத்தார். அவள் மிருக வைத்தியம் படிக்கப்போகிறாள். ‘மிருக’ என்ற பகுதியை ரஞ்சினி இன்னும் சொந்தபந்தங்களுக்குச் சொல்லவில்லை. புதிய வீடென்றால் இந்தப் பள்ளிக்கூடம் இல்லை. வேறு வீடு கிடைக்குமென்பதும் நிச்சயமில்லை. பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் வரிசை தெருமுனை வரை நின்றது. வரிசை வாசலை அடையும் முன்பே வீடு போய்விட்டிருந்தது. விக்னராஜாவுக்கு வேண்டியது ஒன்றுதான். நவம்பர் முடியும் வரை அந்த மேசை அந்த ஜன்னலோரத்தில் இருக்க வேண்டும்.

அந்த வாரம்தான் தமிழ்ச் சங்கச் செயலாளர் பாலகிருஷ்ணன் தொலைபேசியில் வந்தார்.

“அண்ணை, வாற மாதம் முதற் சனிக்கிழமை வேலையோ?”

“இல்லை.”

“கோட் சூட் இருக்கோ?”

“கலியாணத்துக்குத் தைச்சது இருக்கு. பொத்தான் பூட்ட ஏலாது.”

“பூட்டத் தேவையில்லை, போட்டாக் காணும். ஒரு வெள்ளைக்கார மன்றம், பழைய லோர்ட் ஒருத்தற்ற பேரில. வருசாவருசம் இடம்பெயர்ந்த ஆள் ஒருத்தரைக் கூப்பிட்டு மத்தியானச் சாப்பாடு குடுத்துப் பேச விடுவினம். நல்ல கதை இருக்கவேணுமாம், ஆனாக் கோபம் இருக்கக் கூடாதாம். எங்கட ஆக்களுக்குள்ள கோபமில்லாத ஆளெண்டு தேடினால் நீங்கள் ஒராள்தான் அம்பிட்டியள்.”

“பெரிய ஆக்கள் வருவினமோ?”

“மந்திரிமாரே வருவினம்.”

“அப்ப வீட்டு விசயம் ஒண்டு கதைக்கலாம்.”

“தாராளமாக் கதையுங்கோ. சுதந்திர மன்றமெண்டுதானே பேர்.”

மன்றத்தின் கட்டடம் நகரத்துக்குள் கருங்கல்லால் கட்டப்பட்டிருந்தது. பணிப்பாளர் ஹியூகோ வின்டர்போர்ன் விக்னராஜாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, விடாமல், பிரபுவின் பளிங்குத் தலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். விருந்துக்கு முன் ஒரு ஒத்திகை இருந்தது.

“நீங்கள் கூரையை இழந்தவரா?”

“ஓம். கிளிநொச்சியில். ஷெல் விழுந்தது.”

“முழுக் கூரையுமா?”

“முழுவதும்.”

ஹியூகோ கண்களை மூடித் திறந்தார். “அற்புதம். பிறகு?”

“தறப்பாள் கூடாரத்தில் இருந்தோம். பிறகு படகு. பிறகு வில்லாவுட் தடுப்பு முகாம்.”

“முகாமில் கூரை இருந்ததா?”

“இருந்தது. ஒழுகாத கூரை.”

“அதைச் சொல்ல வேண்டாம். கேட்பவர்கள் குழம்பிவிடுவார்கள். இப்போது எங்கே இருக்கிறீர்கள்?”

“கிரான்பர்னில். வீட்டில்.”

ஹியூகோவின் முகம் விழுந்தது. வீடு உள்ள ஒருவரை இடம்பெயர்ந்தவர் என்று அழைத்துவிட்டோமே என்ற கவலை அதில் இருந்தது. விக்னராஜாவுக்கே பாவமாக இருந்தது. அவரை ஆறுதல்படுத்துவதற்காக, “அந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்” என்றார்.

“உண்மையாகவா? வாழ்த்துகள்” என்றார் ஹியூகோ. முகம் பழையபடி ஒளிர்ந்தது. அதைப் பற்றி மேலும் எதுவும் கேட்கவில்லை.

விருந்தினருக்கு ஒரு கடமை இருந்தது. தன் கதையைச் சொல்வதற்கு முன் கூரை உரை முழுவதையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அந்த உரை கிரான்பர்னிலிருந்து நகரத்துக்கு ரயிலில் வருகிற அளவு நீளம். விக்னராஜா அதை ரயிலில் படித்தார். ஃபோர்க்லிஃப்டில் உறைந்த பட்டாணிப் பெட்டிகளை ஏற்றி இறக்கும்போது சொல்லிப் பார்த்தார். பட்டாணிக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. கடைசியில் உரை அவருக்குத் தேவாரம் போல வந்துவிட்டது. தொடங்கினால் வாய் தானாக முடித்துவிட்டுத்தான் நிற்கும்.

விருந்து நாளில் மழை. கோட்டின் பொத்தான் பூட்டாமலே விக்னராஜா பிரதான மேசையில் உட்கார்த்தப்பட்டார். ரஞ்சினி வரவில்லை. முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. எல்லோருடைய தட்டிலும், இறைச்சிக் குழம்பை மாவால் மூடிச் சுட்ட மீட் பை ஆளுக்கொன்று வந்தது. கத்தியை எடுத்த விக்னராஜாவின் கையைப் பக்கத்துக் கதிரைச் சீமாட்டி மெல்லத் தடுத்தார். மணி அடித்தது. ஹியூகோ எழுந்து, “சீர்திருத்தம்!” என்று முழங்கினார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பையின் மேல்மாவைக் கத்தியால் நெம்பி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்கள். ஆவி பறந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“பண்ணையின் நினைவாக” என்றார் சீமாட்டி.

“அந்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?” என்று விக்னராஜா கேட்டார்.

“யார் இருந்தவர்கள்?” என்றார் சீமாட்டி.

பதில் சொல்ல வாயெடுத்த விக்னராஜா ஜன்னலைப் பார்த்தார். வெளியே, தோட்டத்தில், மழையில் ஒரு மனிதர் நின்றிருந்தார். உயரமான கறுப்புத் தொப்பி. தொப்பியின் விளிம்பிலிருந்து நீர் வடிந்தது. முகம் கண்ணாடிக்கு மறுபக்கம் கலங்கித் தெரிந்தாலும், வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைக்கிறவரின் பணிவு நிற்கும் விதத்திலேயே இருந்தது.

“அது யார்?”

“எங்கள் எஸ்டேட் ஏஜென்ட்” என்றார் ஹியூகோ பெருமையாக. “எங்கள் மரபுகளிலேயே மூத்தது இதுதான். பிரபு சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது ஏஜென்ட் அதே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். அதனால் ஜன்னலுக்கு வெளியே நிறுத்துவார். கூரை உரை எங்கே சொல்லப்பட்டாலும் இன்றும் அப்படித்தான். கடைசிச் சொல் முடியும்வரை ஏஜென்ட் வாசற்படியைத் தாண்டக் கூடாது. நாங்கள் தொப்பியில்லாமல் எழுந்து நின்று கேட்க வேண்டும். ஒரு முறை மீறினாலும் சொத்து முழுவதும் பிரபுவின் கொள்ளுப்பேரனுக்குப் போய்விடும் என்று உயிலில் இருக்கிறது. அவர் கோல்ட் கோஸ்ட்டில் அலைச்சறுக்குப் பலகை விற்கிறார். அதனால் நாங்கள் மரபை மிகவும் மதிக்கிறோம்.”

“உங்களுக்குக் கிரான்பர்னில் வீடுகள் இருக்கின்றனவா?”

“இருக்கலாம். வீடுகளைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்வதில்லை. தெரிந்தால் மனது கஷ்டப்படும்.”

மணி மறுபடி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். விக்னராஜா உரையைத் தொடங்கினார். வாய் தானாக ஓடியது. கண் ஜன்னலில் இருந்தது. சடகோபனும் அவரைக் கண்டுவிட்டார். தொப்பியைத் தொட்டு, சின்னதாக ஒரு வணக்கம் வைத்தார்.

உரை முடிந்தது. இனி அவருடைய சொந்தக் கதை. கிளிநொச்சிக் கூரையைப் பற்றி ஒத்திகையில் திருத்திக் கொடுத்த பகுதியை விக்னராஜா சொல்லவில்லை.

“நான் இருக்கிற வீடு உங்களுடையது” என்றார் ஆங்கிலத்தில். “அது எனக்கு இப்போதுதான் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. என் மகளுக்கு நவம்பரில் பரீட்சை. அதுவரை எங்களை இருக்க விடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.”

முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும். கைதட்டல் நிற்கவேயில்லை. ஒரு முன்னாள் மந்திரி கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்து விக்னராஜாவைக் கட்டிப்பிடித்தார். கோட்டின் பொத்தான் பூட்டாத இடத்தில் மீட் பையின் குழம்பு பட்டது. விக்னராஜா வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

ஹியூகோ பதிலுரை ஆற்றினார்.

“நண்பர்களே, நம் விருந்தினர் நம்மிடம் ஒன்று கேட்டார். கேட்பது அவருடைய சுதந்திரம். கேட்டு நெகிழ்வது நம்முடைய கடமை. நான் நெகிழ்ந்தேன். என் மனைவி இன்னும் நெகிழ்ந்துகொண்டிருக்கிறார். இந்தக் கோரிக்கை நியாயமானது என்பதில் இங்கே எவருக்கும் சந்தேகமில்லை. அதனால்தான் நாம் அவசரப்படக் கூடாது. நியாயமானதை இந்த ஆண்டே செய்துவிட்டால் அடுத்த ஆண்டு நாம் எதைப் பற்றிப் பேசுவது? பிரபு தன் வாழ்நாளில் எந்த வாடகைக்காரருடனும் பேசியதில்லை. மனிதர்களுடன் மட்டுமே பேசினார். திரு விக்னராஜா இந்தச் சாப்பாடு முடியும்வரை மனிதர். கோப்பி வந்த பிறகு வாடகைக்காரர். அந்த எல்லைக்கோட்டைக் காப்பதற்குத்தான் நம் முன்னோர்கள் பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாருங்கள், கோப்பி அருந்துவோம்.”

கோப்பி வந்தது. விக்னராஜாவின் பக்கம் யாரும் அதற்குப் பிறகு திரும்பவில்லை.

ஆனாலும் அவருடைய பேச்சு வீண்போகவில்லை. இரண்டாம் வாரம் ஹியூகோ தானே வீட்டுக்கு வந்தார். அவருடன் கையுறை அணிந்த ஒரு பெண்ணும் வந்தாள். மிருணாளினி என்று பெயர். மன்றத்தின் அரும்பொருள் காப்பாளர். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை.

“உங்கள் பேச்சு எங்களை உலுக்கிவிட்டது” என்றார் ஹியூகோ. “இந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும் திட்டத்தையே கைவிட்டுவிட்டோம்.”

விக்னராஜா இரண்டு கைகளாலும் அவருடைய கையைப் பிடித்தார். “நன்றி. மிகவும் நன்றி.”

“வீட்டை அருங்காட்சியகம் ஆக்குகிறோம். ‘இடம்பெயர்ந்தவரின் இல்லம்.’ எல்லாம் இருந்தது இருந்தபடி.”

“அப்போது நாங்கள்?”

“நீங்கள் இடம்பெயர வேண்டும்” என்றார் ஹியூகோ அன்பாக. “இல்லாவிட்டால் பெயர் பொருந்தாது.”

அதற்குள் மிருணாளினி வேலையைத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு பொருளிலும் நூல் கோர்த்த ஒரு எண்ணட்டையைக் கட்டினாள். சோறு சமைக்கும் குக்கருக்கு ஒன்று. முருகன் கலண்டருக்கு ஒன்று. குளிருக்குப் பழைய போர்வை சுற்றி வைத்திருந்த கறிவேப்பிலைச் சாடிக்கு ஒன்று. பொலித்தீன் பைகள் அடைத்து வைத்திருந்த பொலித்தீன் பையை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அம்மா வீட்டிலும் அது இருந்திருக்க வேண்டும். அதற்கும் ஒன்று கட்டினாள். கடைசியாக ஜன்னலோர மேசைக்குப் போனாள்.

“அது என்ர பிள்ளையின்ர மேசை. அதைத் தொடாதை” என்றாள் ரஞ்சினி.

“அன்ரி, டோன்ட் வொரி. டாக் கட்டினா யாரும் எடுக்க ஏலாது. நெவர் எவர். சட்டம் அப்பிடி. ஓனர் கூட மூவ் பண்ண ஏலாது.”

“ஓனராலையும் ஏலாதோ?”

“யாராலயும் ஏலாது அன்ரி.”

ரஞ்சினி கொஞ்சம் யோசித்தாள். குசினிக்குப் போய்த் தன் கதிரையில் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

“அப்ப எனக்கும் ஒண்டைக் கட்டு பிள்ளை.”

“அன்ரி, நீங்க திங், ஐ மீன், சாமான் இல்லையே.”

“இவ்வளவு நாளும் வேற என்னெண்டு நினைச்சவையாம்? கட்டு.”

மிருணாளினி ஹியூகோவைப் பார்த்தாள். மறுப்பார் என்று விக்னராஜா நினைத்தார். ஹியூகோவின் கண்கள் பனித்தன. “எவ்வளவு நம்பகத்தன்மை” என்றார். ரஞ்சினியின் அட்டையில் ‘குசினிக் கதிரை, பெண்ணுடன்’ என்று எழுதப்பட்டது. விக்னராஜாவின் அட்டையில் ‘கணவர், இயங்கும் நிலையில்’ என்று எழுதப்பட்டது.

“மகள் பள்ளிக்கூடத்தால வர இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு. அவளுக்கும் ஒண்டு வைச்சிட்டுப் போ” என்றாள் ரஞ்சினி.

அது முடியாது என்றார் ஹியூகோ. சேகரிப்பு அன்று வீட்டுக்குள் இருந்த பொருட்களுக்கு மட்டுமே. புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் குழு கூட வேண்டும். குழு கொள்கையளவில் தர்சினியை முழுமனதுடன் ஆதரிக்கிறது. அடுத்த ஆண்டு கூடும்.

தர்சினி வந்தபோது வாசலில் கயிறு கட்டியிருந்தது. அவள் கையுறைப் பெண்ணையும், அட்டை தொங்கும் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பா. சீரியஸ்லி?”

“வீடு தப்பியிட்டுது அம்மா” என்றார் விக்னராஜா.

“அன்ட் மீ?”

விக்னராஜா மணிக்கட்டில் தொங்கிய அட்டையைச் சட்டைக் கைக்குள் தள்ளினார்.

செப்டம்பர் கடைசியில் சடகோபன் வந்தார். எண்ணட்டை கட்டியவர்களைக் காலி செய்ய வைக்க முடியாது. கட்டாதவளைக் கூட்டிப்போக வேண்டும். தர்சினியின் பையைத் தானே தூக்கிக் காரில் வைத்தார். ரஞ்சினி தேநீர் கொடுக்கவில்லை. அவர் கேட்கவுமில்லை. தர்சினி பாலகிருஷ்ணன் வீட்டில், ஹாலில் இருந்த சோஃபாவில் குடியேறினாள். பாலகிருஷ்ணன் சங்கத்தின் எல்லாக் கூட்டங்களையும் அந்த ஹாலில்தான் நடத்துவார். அவர் தொலைக்காட்சியை நிறுத்தி யாரும் கண்டதில்லை.

மன்றம் விக்னராஜாவின் வேலைக்கு இடைஞ்சல் செய்யவில்லை. வாரநாட்களில் ‘பராமரிப்புக்காக வெளியே அனுப்பப்பட்டுள்ளது’ என்ற பலகை அவருடைய இடத்தில் தொங்கும். ரஞ்சினிக்கும் அப்படியே. வாரஇறுதியில் இருவரும் இடத்தில் இருக்க வேண்டும். பார்வையாளர்கள் பஸ்ஸில் வந்தார்கள். ரஞ்சினி வெங்காயம் வெட்டுவதைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவர் அவளிடம் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். “ஹாலுக்குள்ளயிருந்து” என்றாள்.

தர்சினி சனிக்கிழமைகளில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மாணவருக்குச் சலுகை இருந்தது. அவளுடைய அறையில் மேசையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. முன்னால் ஒரு பலகை: ‘இந்த மேசையில் ஒரு இடம்பெயர்ந்த குழந்தை தன் எதிர்காலத்தைக் கட்டியெழுப்பினாள். தயவுசெய்து தொடாதீர்கள்.’ அவள் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு இரசாயனப் புத்தகத்தைப் படித்தாள். பார்வையாளர்கள் அவளை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். படம் எடுக்க மறைக்கிறாளாம்.

சடகோபனுக்குப் புதிய கடமை வந்திருந்தது. பார்வை நேரம் முழுவதும் தொப்பியுடன் முற்றத்தில் நிற்க வேண்டும். நேரம் முடிந்ததும் எண்ணட்டை இல்லாதவர்களை வெளியேற்ற வேண்டும். தர்சினியை வெளியேற்றும்போது ஒவ்வொரு முறையும், “படிச்சியாம்மா?” என்று கேட்பார். அவள் தோளைக் குலுக்குவாள்.

அக்டோபரில் மழை தூறிய ஒரு சனிக்கிழமை ஹியூகோ தானே ஒரு பெரிய கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். நன்கொடையாளர்கள். சோதனைக்கு முந்தைய ஒத்திகைப் பரீட்சை திங்கட்கிழமை. தர்சினியின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முந்தைய இரவு பாலகிருஷ்ணனின் ஹாலில் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம். யாரோ யாரையோ ராஜினாமா செய்யச் சொல்லியிருந்தார்கள்.

“இதுதான் அந்த மேசை” என்றார் ஹியூகோ. “இந்தக் குழந்தையின் கல்விதான் எங்கள் மன்றத்தின் உயிர்மூச்சு.”

தர்சினி கயிற்றைத் தூக்கினாள். உள்ளே போனாள். கதிரையை இழுத்தாள். உட்கார்ந்தாள். புத்தகத்தை விரித்தாள்.

அலாரம் வீடே அதிரும்படி அலறியது. நன்கொடையாளர்கள் காதைப் பொத்தினார்கள். ரஞ்சினி வெங்காயக் கத்தியுடன் ஓடிவந்து, சுவரில் இருந்த பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். அமைதியானது.

“மிஸ், வெளியே வாருங்கள்” என்றார் ஹியூகோ. “அது ஒரு அரும்பொருள்.”

“மை டெஸ்க்” என்றாள் தர்சினி, தலையைத் தூக்காமல்.

ஹியூகோ ஜன்னலருகே போய்க் கையால் சைகை காட்டினார். முற்றத்தில் நின்ற சடகோபன் குடையை மடக்கினார். மெதுவாக நடந்து வாசலுக்கு வந்தார். குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தார். ஒரு காலைப் படிக்கு உயர்த்தினார்.

விக்னராஜா எழுந்தார். மணிக்கட்டில் அட்டை ஆடியது. தொண்டையைச் செருமினார்.

“கூரையில்லாத ஒரு மனிதன், கூரைக்குக் கீழே இருக்கும் நம் எல்லோருக்கும் அவமானம்...”

சடகோபனின் கால் படிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பிறகு பின்னால் போனது. ஹியூகோ சட்டென்று தன் தொப்பியைக் கழற்றினார். நன்கொடையாளர்களும் கழற்றினார்கள். எல்லோரும் கை கட்டி நின்றார்கள். கோல்ட் கோஸ்ட்டில் பலகை விற்கும் கொள்ளுப்பேரனின் முகம் ஹியூகோவின் கண்ணில் ஒரு முறை வந்து போயிருக்க வேண்டும். நெற்றி வேர்த்திருந்தது.

விக்னராஜா சுல்தானைக் கண்டித்தார். எரிந்த வீடுகளுக்காகத் துயருற்றார். நாகரிகத்தின் மனசாட்சியை அழைத்தார். கடைசி வசனத்துக்கு வந்தார். ஹியூகோ ஜன்னலுக்குத் திரும்பி விரலை உயர்த்தினார். சடகோபன் மறுபடி படியை நெருங்கினார்.

விக்னராஜா கடைசிச் சொல்லைச் சொல்லவில்லை. மூச்சு விடாமல் முதல் வரிக்குத் திரும்பினார்.

இரண்டாவது முறை நன்கொடையாளர்கள் நெகிழ்ந்தார்கள். மூன்றாவது முறை கால் மாற்றி நின்றார்கள். யாரும் வெளியே போக முடியவில்லை. உரை நடக்கும்போது வெளியேறுவதும் மரபுக்கு விரோதம். ரஞ்சினி கணவனுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாக்கியங்களுக்கு நடுவே குடித்தார். அவள் இன்னொரு கோப்பை எடுத்துக்கொண்டு போய், ஜன்னலைத் திறந்து வெளியே நீட்டினாள். சடகோபன் அதை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். குடையை விரித்து, தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். எந்தச் சைகையையும் இனி அவர் பார்க்க முடியாது.

“கூரையில்லாத ஒரு மனிதன்...” என்று விக்னராஜா மறுபடி தொடங்கினார்.

தர்சினி பென்சிலை மேசையில் தட்டினாள்.

“அப்பா, கொஞ்சம் மெதுவா. ஐ கான்ட் கான்சன்ட்ரேட்.”

விக்னராஜா குரலைத் தாழ்த்திக்கொண்டார். நிறுத்தவில்லை.